சாக்கடல் உப்பும் வீங்கிய விரலும்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. 14 ஆண்டுகளாக முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் சொரியாசிஸ். சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரம் ஒருநாள் 10 மில்லிகிராம் வீதம் ஐந்து மாதம் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்ட மறுநாள் குமட்டல், கொஞ்சம் முடி உதிர்வு.

இந்த நேரத்தில் அவருடைய அக்கா எருசலேம் யாத்திரை போய்விட்டு, யோர்தான் வழியாகத் திரும்பும்போது அரைக்கிலோ பாக்கெட்டுகளாக நான்கு பாக்கெட் சாக்கடல் உப்பு வாங்கி வந்திருக்கிறார். வாசகி வாரம் மூன்று நாள், ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துக் குளித்திருக்கிறார். ஏழு வாரத்தில் செதில்கள் நன்றாக உதிர்ந்துவிட்டன, அரிப்பும் குறைந்தது. "இதுவே போதும்" என்று மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. ஆனால் இப்போது காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கைவிரல்களை மடக்க முடியவில்லை. வலது காலின் நான்காம் விரல் முழுவதும் வாழைப்பிஞ்சு போல் தடித்துச் சிவந்திருக்கிறது. "நோய் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், உப்பைக் கூட்டி, தண்ணீரை இன்னும் சூடாக்கு" என்று அக்கா சொல்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்ளச் சொல்கிறாராம். கரப்பான் (எக்ஸிமா) உள்ள நான்கு வயதுப் பேரனையும் இதே தண்ணீரில் குளிப்பாட்டலாமா என்று மருமகள் கேட்கிறார். கடைசி வரியில், "என் நோய் அவனுக்கு ஒட்டிவிடுமோ என்று பயந்து ஒரு வருஷமாக அவனுக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. தொட்டால் வராது, ஒரே துண்டில் துடைத்தால், ஒரே பாயில் படுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, தோலின் செல்கள் இயல்பைவிடப் பல மடங்கு வேகமாக வளர்ந்து, முதிராமலேயே மேலே வந்து அடுக்கடுக்காகச் சேர்வதுதான் நீங்கள் காணும் செதில். கிருமி எதுவும் அதில் இல்லை. பேரனுக்கு இருக்கும் கரப்பான் முற்றிலும் வேறு நோய். அது உங்களிடமிருந்து போனதும் இல்லை. சோறு ஊட்டுங்கள், மடியில் போட்டுத் தூங்க வையுங்கள்.

இனி உப்புக்கு வருகிறேன். "நாட்டு வைத்தியம், கைவைத்தியம் என்றாலே டாக்டர்கள் கோபப்படுவார்கள், அதனால் அவரிடம் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் செய்ததில் பாதி சரி. தோலுக்கு உப்பு நீர் உதவும் என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தியதுதான் தவறு, அதற்கான விலையை இப்போது உங்கள் விரல்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

சாக்கடலில் அப்படி என்ன இருக்கிறது?

வேதாகமம் உப்புக்கடல் என்று சொல்லும் அந்த ஏரி, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 430 மீட்டர் கீழே இருக்கிறது. நம் கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம் என்றால், அங்கே 34 சதவீதம். அளவு மட்டுமல்ல, உப்பின் வகையும் வேறு. நாம் சமையலுக்குப் போடுவது கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. சாக்கடல் நீரில் கரைந்திருக்கும் உப்பில் ஏறக்குறைய பாதி மெக்னீசியம் குளோரைடு. அதோடு பொட்டாசியம், கால்சியம், புரோமைடு. பாக்கெட்டைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் கசிந்து ஈரமாகிவிடுகிறது, கலப்படமோ என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்னீசியம் குளோரைடின் குணமே அதுதான், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கல் உப்பு ஜாடி கசிவதற்கும், அதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு மெக்னீசியம்தான் காரணம்.

தோலின் மேல் இது என்ன செய்கிறது? செதிலை ஊறவைத்துத் தளர்த்துகிறது. மெக்னீசியம் தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்து வைக்கிறது. ஜெர்மனியில் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வறண்ட தோல் உள்ளவர்கள் ஒரு முன்கையை 5 சதவீதச் சாக்கடல் உப்புக் கரைசலிலும், மற்றதைச் சாதாரணக் குழாய் நீரிலும் 15 நிமிடம் ஊறவைத்தார்கள். உப்பு நீரில் இருந்த கையின் தோல் ஈரம் காத்தது, சிவப்பும் சொரசொரப்பும் குறைந்தன.

அந்த 5 சதவீதத்தை உங்கள் வாளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பிடி உப்பு சுமார் 60 கிராம், வாளி 15 லிட்டர். அரை சதவீதம்கூடத் தேறவில்லை. கன்னியாகுமரியில் நீங்கள் கால் நனைக்கும் கடல் நீரில் இதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு உப்பு இருக்கிறது. அதையும் குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்கிறீர்கள். தோலில் தங்கும் நேரம் சில நொடிகள். ஏழு வாரத்தில் தோல் இவ்வளவு தெளிந்ததற்கு அந்தக் கைப்பிடி உப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பின் யார் காரணம்? உங்கள் மாத்திரைதான். மெத்தோட்ரெக்ஸேட் மெதுவாக வேலை செய்யும் மருந்து. பலன் தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், முழுப் பலன் வர ஐந்தாறு மாதமும் ஆகும். நீங்கள் உப்புக் குளியலைத் தொடங்கியது, மருந்து சரியாகப் பிடித்துக்கொண்ட அந்த மாதங்களில். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அதன் தாக்கம் உடம்பில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் இப்போது தீர்ந்துவருகிறது.

சாக்கடலுக்கே போய்க் குணமாகி வருபவர்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். சாக்கடல் கரையிலுள்ள சிகிச்சை இடங்களில் சொரியாசிஸ் நோயாளிகள் நான்கு வாரம் தங்குகிறார்கள். தினமும் கடலில் மிதப்பதோடு, நிமிடக் கணக்குப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போகும் வெயில் குளியலும் உண்டு. கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அங்கே காற்றின் அடுக்கு அதிகம், ஏரியிலிருந்து எழும் ஆவியும் சேர்ந்து வெயிலில் தோலைச் சுடும் கதிர்களை ஓரளவு வடிகட்டிவிடுகிறது. அதனால் தோல் வெந்துபோகாமல் அதிக நேரம் வெயிலில் இருக்க முடிகிறது. அந்தச் சிகிச்சையில் பெரும் பங்கு வெளிச்சத்துக்குத்தான். உப்பு நீர் செதிலை நீக்கி வெளிச்சத்துக்கு வழிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டுதான் ஜெர்மனியில் உப்புக் குளியலையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2008-ல் அந்நாட்டுப் பொதுக் காப்பீடு சொரியாசிஸுக்கு அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு மாதம் யோர்தான் போய்வரலாமா என்ற உங்கள் கேள்விக்கு, கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பேன். 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை நம் ஊரில் பல அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு மாற்றாக மொட்டைமாடி மதிய வெயிலில் மட்டும் நிற்காதீர்கள். நம் வெயில் வேறு. வெந்த தோலில் சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பக்கத்தில் உப்பளங்கள் தூரமில்லை. உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர்தான் மெக்னீசியம் மிகுந்தது, சாக்கடல் நீருக்கு நெருங்கிய உறவு. அதில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் பாதங்களை நான் சிகிச்சை அறையில் பார்த்திருக்கிறேன். குதிகால் வெடித்து, விரலிடுக்கு வெந்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, இரவில் தூங்க முடியாமல் வருவார்கள். அதே உப்புதான் பதினைந்து நிமிடத்தில் தோலை மிருதுவாக்குகிறது, எட்டு மணி நேரத்தில் தோலைத் தின்றுவிடுகிறது. "உப்பைக் கூட்டு" என்று அக்கா சொல்வதை நான் தடுப்பதற்குக் காரணம் இது.

அந்த விரல்களைத்தான் அவசரமாகக் கவனிக்க வேண்டும்

"வாதப் பரிசோதனை எடுத்தேன், இல்லை என்று வந்துவிட்டது, ஆகவே இது வயதினால் வரும் தேய்மானம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்தது ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனை. அது முடக்குவாதத்துக்கானது. சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூட்டிலும் அழற்சி வரும். அதில் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் காட்டும். தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை இறுக்கம் பத்து, இருபது நிமிடத்தில் விடும். உங்களுக்கு இறுக்கம் ஒரு மணி நேரம் நீடிக்கிறது, புழங்கப் புழங்கத்தான் தளர்கிறது. ஒரு விரல் அடியிலிருந்து நுனிவரை மொத்தமாகத் தடிக்கிறது. நகத்தில் குண்டூசியால் குத்தியது போல் குழிகள் இருப்பதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது சொரியாசிஸ் மூட்டழற்சியைத்தான்.

"நோய் வெளியேறுகிறது" என்ற பேச்சை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஆறுதலாக இருக்கிறது என்பதால் அதை நம்பிவிடுகிறோம். வீக்கம் என்றால் மூட்டுக்குள் அழற்சி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் விட்டால் எலும்பின் ஓரம் அரிக்கப்படும். அரித்துப்போன எலும்பு பழையபடி வராது. தோலில் செதில் திரும்பி வந்தால் மறுபடி போக்கிவிடலாம். மூட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

உப்புக் குளியல் மூட்டுக்கு உதவாதா? சாக்கடலில் இதற்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இஸ்ரேலில், வேதாகமத்தில் பெயெர்செபா என்று நீங்கள் படித்திருக்கும் ஊரிலுள்ள மருத்துவர்கள் பல ஆண்டுகள் செய்தார்கள். வலியும் இறுக்கமும் சில வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, குறைந்தன. எலும்பு அரிப்பு நின்றதாக அதை வைத்துச் சொல்ல முடியாது. வலி குறைவதற்கும் எளிய காரணங்கள் உண்டு. கழுத்துவரை நீரில் இருந்தால் உடம்பின் பாரம் பத்தில் ஒரு பங்காகிவிடும், வெதுவெதுப்பு தசையைத் தளர்த்தும். வாளிக் குளியலில் முதலாவது கிடையாது. இரண்டாவதை நம் பாட்டிமார் வறுத்த கல் உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடமாகக் கொடுத்தார்கள். அங்கே உப்பின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பதுதான். தோல் வழியாக மெக்னீசியம் இறங்கி மூட்டுக்குப் போய்ச் சேரும் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். உள்ளே எதையும் விடாமல் தடுப்பதற்காகவே அமைந்த உறுப்பு தோல். ஒரு தகவல்: சிவந்து, தொட்டால் சுடும் மூட்டில் சூட்டு ஒத்தடம் கூடாது, வலி ஏறும். அங்கே குளிர்ந்த நீரில் நனைத்த துணியே போதும்.

மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்காதீர்கள்

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஐந்து வார இடைவெளிக்குப் பிறகு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதித்துவிட்டு அவர் தொடங்குவார். குமட்டலையும் முடி உதிர்வையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை சேர்ப்பது, இரவில் சாப்பிடுவது, ஊசியாக மாற்றுவது, ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தையே மாற்றுவது என்று வழிகள் பல. சொல்லாமல் நிறுத்தினால் அவருக்கு எதுவும் செய்ய வழியில்லை. இந்த மாத்திரை வாரம் ஒருநாள்தான். தினசரி மாத்திரைகளோடு கலந்துவைத்து நாள்தோறும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. சிலவகை பிரஷர் மாத்திரைகள் சொரியாசிஸைக் கிளப்பும், அதையும் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே உங்கள் சிறுநீரகத்துக்குச் சுமை.

பெயரில்லாத பொட்டல மருந்து ஏதாவது இடையில் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுவதும் சிவந்து, சீழ்க்கொப்புளமாகக் கிளம்பக்கூடும். அப்படிச் சிவந்து குளிர் எடுத்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிச்சமிருக்கும் உப்பை என்ன செய்யலாம்?

இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்கிறீர்கள். வாளியில் கரைத்து வீணாக்க வேண்டாம். மூன்று லிட்டர் நீரில் 150 கிராம் போட்டால் ஆய்வில் சொன்ன அந்த 5 சதவீதம் வரும். பழைய வேட்டித்துணியை அதில் நனைத்து முழங்கையிலும் முழங்காலிலும் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசலினோ மருத்துவர் கொடுத்த களிம்போ பூசுங்கள். பூசாமல் விட்டால் உப்பு தோலை முன்பைவிட வறளச் செய்துவிடும். வெட்பாலைத் தைலம் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எரிச்சல் இல்லையென்றால் பூசலாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. வெடிப்போ ரத்தக்கசிவோ உள்ள இடத்தில் உப்பு நீர் படக்கூடாது. வாரம் இரண்டு மூன்று முறை போதும். தீர்ந்தபின் நம் ஊர்க் கல் உப்பில் அதேபோல் செய்தாலும் செதில் தளரும்; மெக்னீசியம் தரும் மிருது மட்டும் குறையும், அந்தக் குறையை வாசலின் நிரப்பிவிடும்.

கால்களை மட்டும் வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். ஒன்பது ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். குதிகால் வலிக்கு உப்பு வெந்நீரில் கால் வைத்திருக்கிறார், சுகமாகத்தான் இருந்ததாம். மறுநாள் கூடம் பெருக்கும்போது தரையில் ஈரத் தடம் இருப்பதை அவர் மனைவி பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் தோல் கழன்று கொப்புளம் உடைந்திருக்கிறது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆனது. குளிக்கிற நீர் 37 டிகிரி, அதாவது உடம்புச் சூட்டுக்கு மேல் போக வேண்டாம். உங்கள் கையால் பார்க்காதீர்கள், மருமகளை முழங்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சூடான குளியலுக்குப் பின் எழும்போது தலை சுற்றும்; ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள், குளியலறையைத் தாழிட வேண்டாம்.

வாயில் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சாக்கடல் நீரைத் தவறி விழுங்கியவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியமும் கால்சியமும் ஏறி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்திருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பும் மெக்னீசியம்தான், நம் ஆட்கள் பேதி உப்பு என்பது அதைத்தான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உள்ளே போன மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும்.

பேரனுக்கு இந்த உப்பு நீர் வேண்டாம். குழந்தைகளின் கரப்பானில் தோல் சொறிந்து கீறலாகத்தான் இருக்கும், உப்பு பட்டால் துடித்துப்போவான். அதோடு குளியல் நீரைக் குழந்தைகள் குடித்துவிடுவார்கள். வெதுவெதுப்பான சாதா நீரில் பத்து நிமிடக் குளியல், காரமில்லாத சோப்பு, துடைத்ததும் உடனே ஈரப்பதக் களிம்பு. இதைத் தவறாமல் செய்தாலே பல குழந்தைகளுக்குப் பாதி அரிப்பு அடங்கும். குறையாவிட்டால் உங்களோடு அவனையும் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

போகும்போது மாத்திரை அட்டைகள், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், உப்புப் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எழுந்ததும், புழங்குவதற்கு முன், கைவிரல்களையும் அந்தக் கால்விரலையும் மருமகளை விட்டு செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவில் உங்கள் முறை வருவதற்குப் பதினொரு மணி ஆகிவிடும், அதற்குள் இறுக்கம் விட்டுப்போயிருக்கும். நகத்துக்கு மருதாணி போட்டிருந்தால் நகத்தின் உண்மையான நிறம் தெரியாது, இந்த மாதம் போட வேண்டாம்.